செரோக்கிப் பாட்டி – 9: அன்னச்சிறகின் ஆணை

1776 ஜூலை மாதத் தொடக்கம். வெள்ளைக்கார வியாபாரிகள் சிலர் செரோக்கி ஊர்களிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். மலைகளைத் தாண்டி, வடகிழக்கே வட்டாகா, ஹோல்ஸ்டன் ஆற்றங்கரைகளில் குடியேறியிருந்த வெள்ளையர்களிடம் அவர்கள் போய்ச் சேர வேண்டும். ஐசக் தாமஸ் அவர்களில் ஒருவர். செரோக்கிகளோடு நெடுங்காலம் பண்டமாற்று செய்து பழகியவர். அந்த மலைப்பாதைகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவர்கள் கொண்டுபோன செய்தி இதுதான்: சுமார் 700 செரோக்கி வீரர்கள் மூன்று பிரிவாகப் புறப்படப் போகிறார்கள். ஒன்று ஹோல்ஸ்டனுக்கு, இன்னொன்று வட்டாகாவுக்கு, மூன்றாவது கார்ட்டர் பள்ளத்தாக்குக்கு. பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் போய்விடுங்கள்.

போர்ச் சபையின் ரகசியம் இவர்கள் காதுக்கு எப்படி வந்தது? யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. அந்தச் சபையில் தனக்கென்று ஆசனம் உள்ள ஒருவரே அழைத்துச் சொன்னார். அவர்கள் தப்பிப் போக வழியும் செய்து கொடுத்தார்.

அவர்தான் நம் கதையின் நாயகி, நான்யெஹி. வெள்ளையர்கள் வாயில் நான்சி வார்ட்.

சொந்த மக்களின் போர்த்திட்டத்தை எதிரிக்குச் சொன்னவரை என்னவென்று அழைப்பது? இரண்டரை நூற்றாண்டாக இந்தக் கேள்வி ஓயவில்லை. இன்றும் செரோக்கிகளில் சிலர் அவரைத் துரோகி என்கிறார்கள். பழைய அமெரிக்கப் புத்தகங்களோ அவரை வெள்ளையரின் தோழி என்று தலையில் தூக்கி வைத்தன. இரண்டு தரப்புமே அவர் வகித்த பதவியை மறந்துவிட்டுப் பேசுகின்றன என்பது என் எண்ணம். அந்தப் பதவியைப் புரிந்துகொண்டால்தான் அந்த ஜூலை இரவும் புரியும், அடுத்த சில வாரங்களில் டோக்வா என்ற ஊரில் நடந்ததும் புரியும்.

*

இந்தத் தொடரை இந்த வாரம் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு முன்கதை.

நான்யெஹி 1738 வாக்கில் சோட்டாவில் பிறந்தார். லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் இருந்த சோட்டா, செரோக்கிகளின் தலைமை ஊர். அவர் பிறந்த காலத்தில்தான் சார்ல்ஸ்டவுன் துறைமுகம் வழியாகப் பெரியம்மை வந்தது. செரோக்கிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது கொண்டுபோனதாக ஜேம்ஸ் அடேர் என்ற வியாபாரி எழுதியிருக்கிறார். சாவு வீட்டுக்கு வீடு நடந்த ஒரு காலத்தின் குழந்தை அவர்.

செரோக்கிகளுக்குக் குலம் ஏழு. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். நான்யெஹி ஓநாய்க் குலம். வீடும் விளைநிலமும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கும் உரிமை அப்பாவுக்கு இல்லை, தாய்மாமனுக்குத்தான். நான்யெஹியின் தாய்மாமன் அட்டகுல்லகுல்லா. 1730இல் கடல் கடந்து லண்டனுக்குப் போய் இங்கிலாந்து மன்னரைப் பார்த்துவிட்டு வந்த ஏழு செரோக்கிகளில் ஒருவர் அவர்.

1755இல் தலிவா என்ற இடத்தில் கிரீக் மக்களோடு போர். கணவர் கிங்ஃபிஷருடன் நான்யெஹியும் போர்க்களத்துக்குப் போனார். ஒரு மரக்கட்டையின் மறைவில் கிடந்தபடி, கணவரின் ஈயக் குண்டுகளைப் பல்லால் கடித்துக் கரடுமுரடாக்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட குண்டு பாய்ந்தால் காயம் ஆழமாகும். கணவர் சுடப்பட்டு விழுந்ததும் அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் மற்றவர்கள் திரண்டார்கள். போர் செரோக்கிகள் பக்கம் திரும்பியது. அப்போது அவருக்கு வயது பதினேழு, பதினெட்டு இருக்கும். இரண்டு குழந்தைகளுக்குத் தாய்.

அந்த வெற்றிக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பட்டம் 'கிகாவ்'. அன்புக்குரிய பெண்மணி என்று சொல்லலாம். ஆண்களின் சபையில் அவருக்குக் குரல் உண்டு. பெண்கள் சபைக்கு அவர்தான் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்ப்பிச்சை அளிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. 1762இல் இந்த ஊர்களில் தங்கியிருந்த ஹென்றி டிம்பர்லேக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, இந்த அதிகாரத்தைப் பற்றித் தன் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறார். சபை மரண தண்டனை விதித்து, கம்பத்தில் கட்டிவிட்ட கைதியைக்கூட இந்தப் பதவியில் உள்ள பெண் ஓர் அன்னத்தின் சிறகை அசைத்து விடுவித்துவிடலாமாம். எந்தத் தலைவராலும் அதைத் தடுக்க முடியாதாம். அந்த நாளில் லண்டனில் எந்தப் பெண்ணுக்கு இப்படி ஓர் அதிகாரம் இருந்தது?

சென்ற வாரம் நாம் நிறுத்திய இடம் 1775 மார்ச், சிக்கமோர் ஷோல்ஸ். ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நிலத் தரகர் 10,000 பவுண்டு மதிப்புள்ள பணத்தையும் சரக்கையும் காட்டி, ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் நிலத்தைக் கேட்டார். இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியும் டென்னசியின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். அட்டகுல்லகுல்லா உள்ளிட்ட மூத்தவர்கள் கையெழுத்திட்டார்கள். அட்டகுல்லகுல்லாவின் சொந்த மகனே எழுந்து எதிர்த்தார். இந்த நிலம் உங்களுக்கு அமைதியாக வாழக் கிடைக்காது என்று வெள்ளையர்களை எச்சரித்துவிட்டு வெளியேறினார். அந்த மகன்தான் டிராகிங் கேனோ, நான்யெஹிக்கு அம்மான் மகன்.

*

டிராகிங் கேனோ என்றால் ஓடத்தை இழுப்பவன் என்று அர்த்தம். சிறுவனாக இருந்தபோது, போருக்குப் போகும் அப்பாவோடு தானும் வருவேன் என்று அடம் பிடித்தாராம். படகைத் தூக்கிக்கொண்டு வர முடிந்தால் வா என்றார் அப்பா. தூக்க முடியவில்லை. மணலில் இழுத்துக்கொண்டே போனார். வளர்ந்த பிறகும் அவர் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

1776இல் அவர் காத்திருந்த நாள் வந்தது. வடக்கிலிருந்து 14 தூதர்கள் சோட்டாவுக்கு வந்து இறங்கினார்கள். ஷானி, மோஹாக், டெலவேர் என்று பல இனத்தார். முகத்தில் கறுப்பு பூசியிருந்தார்கள். போர் என்பதற்கு அடையாளம் அது. சிப்பி மணிகளைக் கோத்து நெய்த போர்ப்பட்டை ஒன்றை ஷானி தூதர் விரித்துக் காட்டினார். ஒன்பது அடி நீளம். ஊதா நிற மணிகளின் மேல் செந்தூரம் தூவியிருந்தார்கள். எல்லாரும் ஒன்று சேர்ந்து வெள்ளையரை விரட்டாவிட்டால், ஒவ்வொருவராக அழிந்துபோவோம் என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

டிராகிங் கேனோ அந்தப் பட்டையைக் கையில் வாங்கினார். வாங்கினால் போருக்குச் சம்மதம். இளைஞர்கள் போர்ப்பாட்டுப் பாடினார்கள். அப்பா அட்டகுல்லகுல்லாவும் முதிய தலைவர் ஒகொனொஸ்டோட்டாவும் வாய் பேசாமல் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி ஸ்டூவர்ட் இதையெல்லாம் பார்த்து அறிக்கையாக எழுதியிருக்கிறார்.

டிராகிங் கேனோ பக்கம் நியாயம் இருந்தது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். வட்டாகாவில் குடியேறியவர்கள் செரோக்கி நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர்கள். மலைத்தொடரைத் தாண்டிக் குடியேறக் கூடாது என்று 1763இல் பிரிட்டிஷ் மன்னரே பிறப்பித்த ஆணையைக் காற்றில் விட்டவர்கள். பேசிப் பார்த்தாயிற்று, விற்றும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு உடன்படிக்கையும் அடுத்த ஆக்கிரமிப்புக்குப் படிக்கட்டாகத்தான் ஆயிற்று. அவர் கணக்குப்படி, இனி மிச்சம் இருந்தது துப்பாக்கி மட்டும்தான்.

நான்யெஹியின் கணக்கு வேறு. 1760இலும் 1761இலும் பிரிட்டிஷ் படைகள் செரோக்கி ஊர்களுக்குள் புகுந்து என்ன செய்தன என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருந்தது. வீரர்களைத் துரத்திப் பிடிப்பது கடினம். மக்காச்சோளக் காட்டை எரிப்பது சுலபம். அதனால் படைகள் சோளத்தை எரித்தன. ஆண்கள் போட்ட சண்டைக்குப் பெண்கள் விதைத்த பயிர் சாம்பலானது. குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்கள் பிள்ளைகளும் கிழவிகளும். போர் என்றால் கடைசியில் அது தங்கள் வயலுக்கும் அடுப்புக்கும்தான் வந்து சேரும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

கிகாவ் பதவி போர், கருணை இரண்டையும் ஏற்றிருந்த பதவி. போருக்குப் புறப்படும் வீரர்களுக்குச் சடங்குக் கஷாயத்தைத் தயாரித்துக் கொடுப்பவரும் அவரே, கொலையை நிறுத்தும் உரிமை பெற்றவரும் அவரே. அந்த இரவில் நான்யெஹி இரண்டாவது உரிமையைக் கையில் எடுத்தார். குடியேறிகளின் பெண்களையும் குழந்தைகளையும் கோட்டைக்குள் போகவிட்டு, சாவின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தார். அதற்கு விலையாகத் தன் வீரர்கள் சிலர் சாகக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு இந்த இடத்தைக் கடந்து போவது எளிதாக இல்லை. ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவோ, பொன்னுக்கும் பொருளுக்கும் ஆசைப்பட்டோ அவர் இதைச் செய்யவில்லை. துரோகி என்ற சொல் அவருக்குப் பொருந்தாது.

அதே நாட்களில் பிலடெல்பியாவில் வேறொரு காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. ஜூலை 4ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். எல்லா மனிதரும் சமம் என்று அறிவிக்கும் அதே ஆவணம், மன்னர் மீதான குற்றப் பட்டியலின் கடைசியில், இந்த மண்ணின் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று பழிக்கிறது. அந்த 'இரக்கமற்றவர்களில்' ஒருத்தி எதிரியின் பிள்ளைகளுக்காக ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அதே மாதம்!

*

எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. ஜூலை 20ஆம் தேதி ஹோல்ஸ்டனின் நீள்தீவு அருகே, ஐலண்ட் ஃபிளாட்ஸ் என்ற சமவெளியில் டிராகிங் கேனோவின் படையைக் குடியேறிகளின் படை எதிர்கொண்டது. செரோக்கிகள் தரப்பில் 13 பேர் செத்தார்கள். டிராகிங் கேனோவின் தொடையில் குண்டு பாய்ந்தது. எதிர்த்தரப்பில் சாவு இல்லை.

வட்டாகா கோட்டையைச் சுற்றி வளைத்த பிரிவும் இரண்டு வாரம் முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பியபோது அவர்களிடம் இரண்டு கைதிகள் இருந்தார்கள். ஒருவர் லிடியா பீன். அந்தப் பகுதியில் முதன்முதலாகக் குடியேறியவர்களில் ஒருவரான வில்லியம் பீனின் மனைவி. கோட்டைக்குப் போகும் வழியில் பிடிபட்டார். இன்னொருவன் சாமுவேல் மூர் என்ற பையன்.

சண்டையில் தோற்றுத் திரும்பும் படையிடம் சிக்கும் கைதியின் நிலைமை என்னவாக இருக்கும்? பையனை டஸ்கிகி என்ற ஊருக்குக் கொண்டுபோய் எரித்துக் கொன்றார்கள். அவனைக் காப்பாற்ற யாரும் வரவில்லை.

லிடியாவை டோக்வாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் மிகப் பழைய மண்மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியில் கம்பம் நட்டார்கள். லிடியாவை அதில் தோல்வார்களால் கட்டினார்கள். காலைச் சுற்றிச் சுள்ளிகளை அடுக்கினார்கள். நெருப்பு வைத்துவிட்டார்கள். புகை எழும்பியது.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் மேட்டில் ஏறினார்.

இந்த இடத்திலிருந்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தபடி சொல்கிறேன். நான்யெஹி எரியும் சுள்ளிகளைக் காலால் எட்டிக் கலைத்தார். மிதித்து அணைத்தார். கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுத்தார். பிறகு திரும்பி அங்கே கூடியிருந்த ஆண்களைப் பார்த்து, தான் இந்தப் பதவியில் இருக்கும்வரை ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டி எரிக்க விடமாட்டேன் என்றார். சுற்றி நின்றவர்கள் தங்கள் அண்ணன் தம்பிகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள், கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தவர்கள். கையில் ஆயுதம் இருந்தது. ஒருவரும் குறுக்கே வரவில்லை. கிகாவ் சொன்னால் சொன்னதுதான். டிம்பர்லேக் எழுதி வைத்தது வெறும் கதை இல்லை என்பதற்கு டோக்வா மேடு சாட்சி.

அந்த மேட்டை இன்று போய்ப் பார்க்க முடியாது. 1979இல் டெல்லிகோ அணையின் கதவுகளை மூடினார்கள். டோக்வாவும் சோட்டாவும் நீருக்கடியில் போயின. சோட்டாவின் சபைக்கூடம் இருந்த இடத்தை மட்டும் மண் கொட்டி உயர்த்தி, எட்டுத் தூண்கள் நட்டு நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

*

நான்யெஹி லிடியாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நெருப்புக் காயங்கள் ஆறும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே நடந்ததுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

லிடியாவுக்குப் பால் மாட்டு வேலை தெரியும். செரோக்கிகளுக்கு மாடு பழக்கமில்லாத பிராணி, வெள்ளைக்காரன் வீட்டு விலங்கு. பாலைக் கறந்து ஆறவிட்டு, மேலே படியும் ஆடையைத் தனியே வழித்தெடுக்க வேண்டும். அதை உயரமான மரத்தொட்டியில் ஊற்றி, மூடியின் நடுத்துளை வழியாகப் போகும் கோலைக் கைவலிக்க மேலும் கீழும் குத்தவேண்டும். சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று கனத்து மாறும். அப்போது வெண்ணெய் திரண்டுவிட்டது. அள்ளி, தண்ணீரில் பிசைந்து அலசி, உப்புப் போட்டு வைத்தால் பல நாள் தாங்கும். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்வதும் அப்படித்தான், கைப்பக்குவம். இதையெல்லாம் லிடியா சொல்லிக்கொடுத்தார், நான்யெஹி கற்றுக்கொண்டார். பிறகு நான்யெஹி மாடுகள் வாங்கி மந்தையாக வளர்த்தார், மற்ற பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். செரோக்கிகளிடையே பால்மாடு வந்தது அவர் வழியாகத்தான் என்பார்கள்.

இதில் அவருடைய கூர்மையான யோசனை ஒன்று இருந்ததாக நினைக்கிறேன். வேட்டைக்காடு சுருங்கிக்கொண்டே வந்தது. மான் குறைந்தது. இனி பிள்ளைகளுக்கு என்ன சோறு என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில்களில் ஒன்று மாடு. லிடியா பயணம் செய்யும் அளவுக்குத் தேறியதும், தன் மகன் ஃபைவ்கில்லரையும் சகோதரரையும் துணைக்கு அனுப்பி வீடு சேர்த்தார்.

இந்தப் பெண்மணியின் இன்னொரு பக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து எழுத எனக்கு மனம் ஒப்பாது. தலிவா போரில் தோற்ற கிரீக் மக்களிடமிருந்து கிடைத்த பங்காக ஒரு கறுப்பின அடிமை அவருக்கு வந்தார். செரோக்கிகளில் கறுப்பின அடிமையை முதலில் வைத்திருந்தவர் அவரே என்று மரபு சொல்கிறது. கம்பத்தில் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் கட்டை அறுத்த கை, இன்னொரு மனிதரைத் தன் உடைமையாக வைத்திருந்தது. 1835இல் எடுத்த கணக்கில் செரோக்கி நாட்டில் 1,592 அடிமைகள் இருந்தார்கள். அந்த மனிதர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் பாட்டிலும் கதையிலும் இல்லை. நான்யெஹியை நான் போற்றுகிறேன். இதற்காக அவரை மன்னிக்கும் உரிமை எனக்கு இல்லை.

*

1776 அக்டோபர். வர்ஜீனியாவிலிருந்து வில்லியம் கிறிஸ்டியன் தலைமையில் சுமார் 1,800 பேர் கொண்ட படை செரோக்கி ஊர்களுக்குள் இறங்கியது. வீடுகள் எரிந்தன. களஞ்சியங்கள் எரிந்தன. சாமுவேல் மூரை எரித்த டஸ்கிகியைச் சாம்பலாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள். கரோலினாக்களிலிருந்து கிளம்பிய வேறு படைகள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களைச் சூறையாடின.

சோட்டாவைக் கிறிஸ்டியன் தொடவில்லை. நான்யெஹியின் ஊர் என்பதால் விட்டுவைத்தார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இந்தச் சலுகை அவருக்கு நல்ல பெயரையா தந்திருக்கும்? பக்கத்து ஊரில் கூரை எரிந்து நிற்பவர்கள், எரியாத ஊரைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?

1777இல் முதியவர்கள் மறுபடி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள், மறுபடி நிலம் போயிற்று. டிராகிங் கேனோ அதை ஏற்கவில்லை. தன்னோடு வர விரும்பியவர்களைக் கூட்டிக்கொண்டு, தெற்கே இன்றைய சட்டநூகா அருகே சிக்கமாகா ஓடைக்கரையில் புது ஊர்கள் அமைத்தார். 1792இல் சாகும்வரை அவர் போரை நிறுத்தவில்லை. ஒரே ரத்தத்தில் வந்த இரண்டு பேர், ஒரே நிலத்தைக் காப்பாற்ற எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

நான்யெஹியின் திசை எங்கே கொண்டுவிட்டது? 1780 டிசம்பர் வந்தது.

ஆர்தர் கேம்ப்பெல்லும் ஜான் செவியரும் குதிரைப்படையோடு வருகிறார்கள் என்ற தகவல் சோட்டாவுக்கு எட்டியது. நான்யெஹி தானே கிளம்பி எதிரியின் முகாமுக்குப் போனார். தலைவர்கள் சிலர் சமாதானத்துக்குத் தயார் என்று கேம்ப்பெல்லிடம் சொன்னார். கேம்ப்பெல் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பழிவாங்கும் எண்ணமுள்ளவர்களின் ஊர்களை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நழுவியதாக அவரே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒத்துக்கொள்கிறார். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் 50,000 புஷல் மக்காச்சோளத்தையும் அழித்ததாக அந்தக் கடிதம் கணக்குக் காட்டுகிறது.

அழிந்த ஊர்களின் பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் சோட்டா.

நான்கு வருடத்துக்கு முன் எவர்களின் பிள்ளைகளைக் காப்பாற்றினாரோ, அவர்கள் படைதான் அவர் ஊரைக் கொளுத்தியது. அவரையும் குடும்பத்தையும் மட்டும் நண்பர்களாக நடத்தினார்கள். அப்போது வர்ஜீனியாவின் ஆளுநர் தாமஸ் ஜெபர்சன். நான்சி வார்ட் விஷயத்தில் அவருடைய விருப்பப்படியே செய்யுங்கள் என்று பதில் எழுதினார். அவருடைய விருப்பம் என்ன என்பதை, சோட்டா எரிவதற்கு முன்பே முகாமுக்கு வந்து சொல்லியிருந்தார். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

*

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மனம் கசந்து ஒதுங்கியிருப்பார்கள். நான்யெஹி ஒதுங்கவில்லை. 1781 ஜூலை, ஹோல்ஸ்டன் நீள்தீவில் மறுபடி ஒரு பேச்சுவார்த்தை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஊரை எரித்தவர்களும் உண்டு. நான்யெஹி எழுந்து பேசினார்.

பெண்களை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் உங்களுக்குத் தாய்மார், நீங்கள் எங்கள் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளாகவும் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளாகவும் ஆகட்டும். சமாதானம் நிலைக்கட்டும். நாங்கள் சொன்னதை உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். அவர் பேசியதன் சுருக்கம் இவ்வளவுதான்.

கடைசி வேண்டுகோளைக் கவனியுங்கள். செரோக்கி தரப்பில் பெண் வந்திருக்கிறார். எதிரே இருப்பவர்கள் தங்கள் பெண்கள் யாரையும் அழைத்து வரவில்லை. பாதி ஜனம் இல்லாமல் ஒரு சபை எப்படிச் சபையாகும் என்பது செரோக்கிகளின் பழைய ஆச்சரியம். அட்டகுல்லகுல்லாவும் ஆங்கிலேயர்களைப் பார்த்து, உங்கள் பெண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

பதில் சொல்ல எழுந்தவர் வில்லியம் கிறிஸ்டியன். சோட்டாவை விட்டுவிட்டு வேறு ஊர்களை எரித்த அதே கிறிஸ்டியன். செரோக்கிப் பெண்களைத் தாய்மார்களே என்று அழைத்து, இந்தப் பேச்சைக் கேட்டு மனம் நெகிழாதவர் இருக்க முடியாது என்றார்.

நெகிழ்ந்த மனம் எத்தனை நாள் தாங்கும்? 1785 நவம்பரில் ஹோப்வெல்லில் புதிய அமெரிக்க அரசுடன் செரோக்கிகளின் முதல் உடன்படிக்கை. நான்யெஹி அங்கேயும் பேசினார், புகைக்குழாயும் புகையிலையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அமெரிக்கத் தரப்பில் அமர்ந்திருந்த நான்கு ஆணையர்களில் ஜோசப் மார்ட்டினும் ஒருவர். அவர் நான்யெஹியின் மகள் பெட்சியின் கணவர், சொந்த மருமகன். செரோக்கி நிலத்தில் குடியேறும் வெள்ளையருக்கு அமெரிக்கா பாதுகாப்புத் தராது என்று அந்த உடன்படிக்கை எழுத்தில் உறுதி சொன்னது. மை காய்வதற்குள் புதுக் குடியேறிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் ஓடின. நான்யெஹிக்கு முடி நரைத்தது. பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளுமாக வீடு நிறைந்தது. அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் அவரைப் பாட்டி வார்ட் என்றே கூப்பிட்டார்கள். இதற்கிடையே செரோக்கி நாட்டின் சபைகளில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனிலிருந்து ராட்டைகளும் ஏர்க்கலப்பைகளும் வந்தன. ஆண்கள் உழட்டும், பெண்கள் வீட்டில் நூல் நூற்கட்டும் என்ற யோசனையும் கூடவே வந்தது. சோளக்காடு பெண்களின் கையிலிருந்து போனது. சபையிலும் அவர்கள் இடம் சுருங்கியது.

1817 மே மாதம். ஆண்ட்ரூ ஜாக்சன் இன்னும் நிலம் வேண்டும், செரோக்கிகள் மிசிசிப்பிக்கு மேற்கே போய்விட வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். செரோக்கித் தலைவர்களில் சிலர் ஏற்கெனவே விலை பேசத் தயாராகிவிட்டார்கள். சபை கூடியது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயதான கிகாவால் அந்த இடத்துக்குப் போக முடியவில்லை. தன் கைத்தடியைக் கொடுத்தனுப்பினார் என்பார்கள். அவர் சார்பில் ஒரு மனுவும் போனது. தேதி மே 2. அதில் நான்யெஹியோடு மேலும் 12 பெண்களின் பெயர்கள் இருந்தன.

வாழ்நாள் முழுக்க வெள்ளையரிடம் சமாதானம் பேசியவர், இந்த முறை பேசியது தன் சொந்தத் தலைவர்களிடம். அதன் தொனி அவர் முன்பு பேசிய எந்தப் பேச்சிலும் இல்லாதது. அவரை வெள்ளையரின் தோழி என்று புகழ்ந்த புத்தகங்கள் பெரும்பாலும் இந்த மனுவைத் தொடவே இல்லை. அதில் அவர் என்ன கேட்டார், சபை அதற்கு என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)